ஸ்பிரிங்கில் வாங்க, தாத்தா

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் அவருடைய பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. சிம்பாங் பூலாயில் கல்லுடைக்கும் இடங்களுக்குப் போய்வரும் லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் மாற்றித் தரும் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். அதனால் எல்லாருக்கும் அவர் ஸ்பிரிங் அண்ணன். நான் வெறும் அண்ணே என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவர் எங்கள் வீட்டு கேட்டுக்கு வரத் தொடங்கினார்.

சாயங்காலம் ஆறரை மணி வாக்கில், வெயில் சுண்ணாம்பு மலைக்குப் பின்னால் இறங்கியதும், அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்கும். கேட்டுக்கு வெளியே நிறுத்துவார். உள்ளே வாங்க என்றால் வரமாட்டார். கிரீஸ் கையோடு ஒரு வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பார். கை சுத்தமாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதையேதான் சொன்னார். சட்டைப் பையிலிருந்து, சாமான் வந்த அட்டைப்பெட்டியில் கிழித்த ஒரு துண்டை எடுப்பார். அதில் பென்சிலால் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும். லாரியின் பின்பக்கத்திலோ மருந்துப் புட்டியிலோ பார்த்து, எழுத்து எழுத்தாக வரைந்துகொண்டு வந்தது.

“அப்படின்னா, டீச்சர்?”

அர்த்தம் சொன்னால் மட்டும் விடமாட்டார். அதை எங்கே பார்க்கலாம் என்று கேட்பார். ஒரு தடவை ‘ஃபிராஜைல்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். உடையக்கூடியது என்றேன். அப்படியானால் கண்ணாடியா என்று கேட்டார். கண்ணாடி என்றில்லை, எது எளிதில் உடையுமோ அது எல்லாமே என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவர், இரண்டு நாள் கழித்து வந்து மோட்டாரை நிறுத்தாமலே சொன்னார்:

“இன்னிக்கு ஒரு டிரைவர பாத்தேன் டீச்சர். ஆறடி இருப்பான். பொண்டாட்டி போயிட்டாளாம். டீ கிளாஸ கையில வச்சிக்கிட்டு குடிக்காமலே நின்னான். ஃபிராஜைல்.”

எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. இந்த வயதில் எதற்கு ஆங்கிலம் என்று கேட்டேன். “சும்மா லா” என்றார். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருவது அதுதான். ஊரில் இருக்கிற சொல்லுக்கெல்லாம் அர்த்தம் கேட்பார், தன்னைப் பற்றி ஒன்றுக்கும் அர்த்தம் சொல்லமாட்டார். அவர் மனைவி இறந்து பல வருடமாயிற்று என்பது எனக்குப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். தேர்தல் நாளில் எங்கள் எல்லார் விரலிலும் மை இருக்கும், அவர் விரலில் கிரீஸ் மட்டும் இருக்கும். கேட்டால், “காலையிலேயே வேல வந்துடுச்சு லா” என்பார்.

ஒரே மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருப்பதையும் அந்த அக்காதான் சொன்னார். அங்கேயே ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாளாம். கல்யாணத்துக்கு வாங்கப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள். இவர் போனில் கத்தியது அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் கேட்டதாம். நீ யாரையும் கட்டிக்க, நான் வரமாட்டேன், இனிமே கூப்பிடாத என்றாராம். மகள் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நான் அந்தத் தாமானுக்குக் குடிவந்தது அதற்குப் பிறகு. குரலை உயர்த்திப் பேசி நான் ஒருநாளும் கேட்டிராத மனிதர் அப்படிக் கத்தினார் என்பதை என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

தினமும் மழை பெய்துகொண்டிருந்த ஒரு நவம்பரில், அவர் அட்டைத் துண்டுக்குப் பதிலாக ஒரு தபால் அட்டையை நீட்டினார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழைக்கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பட்டறை முகவரிக்கு வந்திருந்தது. குழந்தையின் சாய்ந்த கையெழுத்து. ‘தாத்தா’ என்பது மட்டும் தமிழ்ச் சொல், அதுவும் ஆங்கில எழுத்தில். நான் படித்துச் சொன்னேன்.

‘அன்புள்ள தாத்தா, என் பெயர் மீரா. எனக்கு ஆறு வயது. நீங்கள் ஸ்பிரிங் செய்கிறவர் என்று அம்மா சொன்னார். ஸ்பிரிங்கில் வாங்க. ஆட்டுக்குட்டிகள் இருக்கும்.’

“தவுக்கே மகன்கிட்ட காட்டுனேன்” என்றார். தவுக்கே என்பது பட்டறை முதலாளி. “ஸ்பிரிங்னா நம்ம கடதான், கடைக்கு வாங்கன்னு எழுதியிருக்குங்குறான். அந்தப் பிள்ள அங்க இருக்கு, நான் இங்க இருக்கேன். கடைக்கு வான்னா என்னா அர்த்தம்?”

“இது வேற ஸ்பிரிங்கு அண்ணே. அந்த ஊர்ல குளிர்காலம் முடிஞ்சு மரமெல்லாம் துளிர்க்கிற காலம். வசந்தகாலம்னு சொல்வோம்ல.”

“பாட்டுலதான் கேட்டிருக்கேன். எப்ப வரும்?”

“மார்ச், ஏப்ரல், மே.”

“எந்தத் தேதி?”

தேதி கிடையாது, ஒரு வருடம் முன்னே வரும், ஒரு வருடம் பின்னே வரும் என்றேன். இரும்பை அளந்து வெட்டுகிறவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரே சொல் எப்படி இரும்புக்கும் காலத்துக்கும் வரும் என்று கேட்டார். உள்ளே போய் அகராதியை எடுத்துவந்தேன். மழை வலுத்ததால் அன்றுதான் முதன்முதலாக கேட்டுக்குள் வந்து, கார் நிறுத்தும் இடத்தில் போட்டிருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். துள்ளி எழுவது. தரையிலிருந்து தண்ணீர் ஊறி வருவது. வளைந்து நிமிரும் இரும்பு. துளிர்க் காலம். ஒன்றிலிருந்து இன்னொன்று பிறப்பது, அதனால் பெற்ற பிள்ளையைக்கூட ‘ஆஃப்ஸ்பிரிங்’ என்பார்கள்.

“தம்பூன்ல சுடுதண்ணி வருதே, அதுவுமா?”

“அதுவும்.”

மழையைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்தார்.

“அஞ்சு இல்ல டீச்சர். ஒண்ணுதான். அடியில கெடந்தது மேல வருது. தண்ணியும் அப்படித்தான், பட்டையும் அப்படித்தான், துளிரும் அப்படித்தான்.” கொஞ்சம் நிறுத்தி, “பிள்ளையும்” என்றார்.

ஆங்கிலத்தையே பாடமாக எடுத்துப் பட்டம் வாங்கியவள் நான். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. பிறகு பெரிய அகராதியில் தேடிப் பார்த்தபோது, அந்தச் சொல்லின் பழைய வேரும் அதையேதான் சொன்னது.

நம் ஊரில் அந்தக் காலம் இல்லையே என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு சொன்னா? மாசி மாசத்துல கித்தா மரம் பாத்ததில்லையா?” ரப்பர் மரத்தை அவர் எப்போதும் கித்தா என்றுதான் சொல்வார். “ஒரு இல இருக்காது. எஸ்டேட்டு பூரா குச்சியா நிக்கும். பாலு எறங்காது. எங்கம்மா வாளிய கழுவி கவுத்து வச்சிடும். எஸ்டேட்டு ஆபீஸ் கிராணி அதுக்கு ‘விண்டரிங்’னு சொல்லுவாரு. அப்புறம் ஒரு நாளு காலையில எந்திரிச்சு பாத்தா மேல எல்லாம் செவப்பா குட்டி குட்டியா இல வந்திருக்கும். விண்டர் இருக்குன்னா அதுக்கப்புறம் வர்றது ஸ்பிரிங்குதானே?”

அகராதியை மூடி மடியில் வைத்தேன்.

போவதற்கு முன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத எழுதுனது பிள்ளையா, அவ அம்மாவா?”

“கடிதம் பிள்ளை எழுதுனது.”

“அட்ரெஸு?”

பார்த்தேன். முகவரி மட்டும் பெரியவர் கையெழுத்து. பட்டறை இருக்கும் மனையின் லாட் எண்ணோடு நான்கு வரி, ஒரே அளவாக. அவர் அட்டையை வாங்கி, மீரா எழுதிய பக்கத்தை விட்டுவிட்டு, அந்த நான்கு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லாட் நம்பர் மறக்கல” என்றார்.

பதில் எழுதித் தரச் சொன்னார். என்ன எழுத என்றேன். “தாத்தா பாக்குறேன்னு எழுதுங்க.” அது வருவதாகவும் இல்லை, வராததாகவும் இல்லையே என்றேன். “ஆமா, அதையே எழுதுங்க” என்றார்.

அந்த வருடம் முழுக்க அவர் அந்தச் சொல்லையே சுமந்துகொண்டு திரிந்தார். சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம் வந்து, தவுக்கே பட்டறைக் கதவில் சிவப்புத் தாளில் ஒரு சீன எழுத்தை ஒட்டியிருப்பதாகவும், அதன் அர்த்தம் ஸ்பிரிங்தான் என்றும் சொன்னார். “முப்பது வருசமா அந்தக் கதவத் தொறந்து மூடுறேன் டீச்சர். ஒரு நாளும் கேக்கல பாருங்க.” இன்னொரு நாள் கையில் பொப்பியாவோடு வந்தார். அதற்கு ஆங்கிலத்தில் ஸ்பிரிங் ரோல் என்று பெயராமே, அது ஏன் என்று கேட்டார். கேமரன் மலைக்குப் போகும் லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லித் தடித்த குளிர்ச்சட்டை ஒன்று வாங்கினார். அதை வெயிலில் காயப்போட்டதை ஊரே பார்த்தது. ஸ்பிரிங் அண்ணன் ஸ்பிரிங்குக்குப் போகிறார் என்று எல்லாரும் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார்.

மார்ச் போனது. மே போனது. அவர் போகவில்லை. “வேல ஜாஸ்தி லா” என்றார்.

மறு வருடம் பிப்ரவரியில் மீரா ஒரு படம் வரைந்து அனுப்பினாள். ஓர் ஆட்டுக்குட்டி, நான்கு காலும் சுருள் சுருளாக ஸ்பிரிங். அவர் அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, “எழுதுங்க டீச்சர். தாத்தா பாக்குறேன்னு” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் எழுத மாட்டேன் அண்ணே. ஒரு சின்னப் பிள்ள ரெண்டு வருசமா கூப்பிடுது. மக மேல உங்களுக்கு இன்னும் என்ன கோவம்? அவ கட்டிக்கிட்டது வெள்ளக்காரனா இருந்தா இருக்கட்டுமே. பேத்தி என்ன பண்ணுச்சு?”

அவர் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். பின்பக்கத்துப் பையிலிருந்து பணப்பையை எடுத்து, அதன் உள்மடிப்பிலிருந்து அடையாள அட்டையை உருவி என் கையில் வைத்தார். என்னுடையது போல நீலமாக இல்லை. சிவப்பாக இருந்தது.

“அப்படின்னா?” என்று இந்தமுறை கேட்டது நான்.

“இங்க இருக்கலாம். சாகுற வரைக்கும் இருக்கலாம். பெர்மனன்ட்டு. ஆனா இந்த நாட்டு ஆளு இல்ல. பாஸ்போர்ட்டு கிடையாது.”

சித்தியவான் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர் அவர். பிறந்ததை யாரும் பதியவில்லை. அப்பா அப்போது வேறு எஸ்டேட்டில் வேலையாக இருந்தார், அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு பதிவுக்குப் போனபோது காட்ட ஒரு தாளும் இல்லை. குடியுரிமைக்கு நான்கு தடவை மனுப் போட்டிருக்கிறார். நான்கு தடவையும் இல்லை என்று பதில் வந்தது.

“வேற ஏதாச்சும் பயணத்தாள் கிடைக்குமான்னு கேட்டேன். எந்த நாட்டுக்காரன்னு கேக்குறாங்க. சித்தியவான்ல பொறந்தவனுக்கு எந்த நாடு டீச்சர்?”

“இது உங்க மகளுக்குத் தெரியாதா?”

“சின்ன வயசுல ஒரு தடவ பாத்துட்டு, ஏன்பா உங்க கார்டு மட்டும் செவப்புன்னு கேட்டா. ஆம்பளைங்களுக்கு செவப்புன்னு சொன்னேன். நம்பிட்டா. அப்புறம் நான் வெளிய எடுக்குறதே இல்ல.”

“கல்யாணத்துக்குக் கூப்பிட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே.”

அவர் அட்டையை வாங்கி மறுபடி உள்மடிப்பில் சொருகினார். “அவ புருசன் வீட்டு ஆளுங்க கேப்பாங்க, ஒங்க அப்பா ஏன் வரலன்னு. எங்கப்பாவுக்கு நாடு இல்லன்னு பிள்ள சொல்லணுமா? கோவக்கார அப்பான்னு சொல்லிட்டுப் போகட்டும். கோவம்னா யாருக்கும் புரியும்.”

ஒன்பது வருடமாக ஊர் பேசிய கோபம் அவ்வளவுதான். கத்தி முடித்துப் போனை வைத்தபிறகு அந்த வீட்டில் அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. மகளிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்துத் தொலைத்தேன். அன்று நானே எழுதினேன், தாத்தா பாக்குறேன் என்று.

ஏப்ரலில் மீரா அம்மாவின் போனிலிருந்து படத்தோடு பேச ஆரம்பித்தாள். பட்டறை எண்ணைத் தேடி எடுத்து, தவுக்கே மகனிடம் பேசி அவருடைய எண்ணை வாங்கிக் கொடுத்தது அவள் அம்மாதான். ஆனால் அம்மா திரையில் வரமாட்டாள். குழந்தை மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அங்கே காலை நேரம், அவர் எங்கள் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து, போனைப் பூச்சட்டியில் சாய்த்துவைத்து உட்காருவார். சொல் தெரியாமல் போனால் கேட்பதற்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, மீரா ஆங்கிலத்தில் நேராகக் கேட்டாள்.

“ஸ்பிரிங் வந்துடுச்சு தாத்தா. அம்மா சொல்றாங்க, நீங்க ‘வோன்ட்’ கம்-னு.”

அவர் என் பக்கம் திரும்பினார். “வோன்ட்னா?”

“வரமாட்டேன்னு அர்த்தம் அண்ணே. வர இஷ்டமில்லாம.”

“முடியலன்னா?”

“அதுக்கு வேற சொல். கான்ட்.”

இரண்டு சொல்லையும் உதட்டுக்குள் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு போனுக்குக் கிட்டே குனிந்தார். “மீரா. நோ வோன்ட். தாத்தா கான்ட்.”

“ஒய்?” என்றாள் குழந்தை.

அவர் மறுபடி என்னைப் பார்த்தார். நான் சத்தியம் செய்தவள், வாயைத் திறக்கவில்லை.  அவர் பணப்பையை எடுத்தார். அந்த அட்டையை உருவி, கிரீஸ் ஏறிய நகங்கள் தெரிய, போனுக்கு முன்னால் பிடித்தார்.

“திஸ் ரெட். ரெட், நோ பாஸ்போர்ட். தாத்தா லைக் கம். கான்ட்.”

மீரா பக்கவாட்டில் யாரையோ பார்த்தாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒரு பெண்ணின் முகம், பாதி மட்டும், திரைக்குள் வந்தது.

“அப்பா.”

“ம்.”

“ஆம்பளைங்களுக்கு செவப்புன்னு சொன்னீங்க.”

“சின்னப் பிள்ளைக்கு வேற என்னாத்த சொல்றது.”

“கல்யாணத்தப்ப நான் சின்னப் பிள்ள இல்லப்பா. எனக்கு இருபத்தாறு வயசு.”

அவர் அட்டையை இறக்கவில்லை. அது அவருடைய முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தது.  பிறகு அவர் கேட்டார்:

“பசியாறிட்டியா?”

“இன்னும் இல்லப்பா.”

“மொதல்ல போயி பசியாறு.”

“நீங்க போன வச்சிராதீங்கப்பா. நான் இங்கயே உக்காந்து சாப்புடுறேன்.”

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அடுத்த பிப்ரவரியில், பிள்ளையின் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டபோது, அதோடு இன்னும் சில நாள் சேர்த்து மகளும் மீராவும் வந்தார்கள். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தப் பத்து நாளில் அவர் என் வீட்டுப் பக்கம் ஒரு சொல்லும் கேட்டு வரவில்லை. எட்டு வயதுப் பேத்தி மோட்டாரின் முன்னால் உட்கார்ந்து பாசாருக்கும் கோயிலுக்கும் பட்டறைக்கும் போய்வந்தாள். மகள் சாப்பாட்டு மேசையில் விண்ணப்பப் பாரங்களைப் பரப்பிவைத்து ஐந்தாவது மனுவை எழுதினாள். பாட்டி பேரு என்னப்பா, எந்த லயம், பக்கத்து வீட்டில் அப்போ யார் இருந்தாங்க, அவங்க பிள்ளைங்க இப்போ எங்கே. அவளுக்கும் அதுவரை தெரியாத கதைகள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். “சும்மா லா” என்று ஒன்றுக்கும் சொல்லவில்லை என்று அவள் என்னிடம் ஆச்சரியப்பட்டாள்.

ஊருக்குத் திரும்ப நான்கு நாள் இருந்தபோது, மீராவுக்கு நம் ஊர் ஸ்பிரிங்கைக் காட்ட வேண்டும் என்று கேட்டார். நான் காரை எடுத்தேன். சித்தியவான் பக்கம், அவர் பிறந்த எஸ்டேட் இருந்த இடம் முழுக்க இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. அதைத் தாண்டி, ஒரு மலாய்க்காரப் பெரியவரின் மூன்று ஏக்கர் கித்தா மட்டும் மிச்சம் இருந்தது. அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம்.

எல்லா மரமும் மொட்டையாக நின்றது. தரையில் கணுக்கால் வரை சருகு. மீரா அதற்குள் ஓடி, காலால் அள்ளி வீசி, விழுந்து புரண்டாள். “இது ஸ்பிரிங் இல்ல தாத்தா, ஆட்டம்” என்றாள். இலையுதிர் காலத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. அவர் ஒவ்வொரு மரமாகத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு கிளையைத் தாழ்த்தி நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இன்னும் பத்து நாளு” என்றார்.

“ஸ்கூல் திறக்குதுப்பா” என்றாள் மகள்.

“ம்” என்றார்.  திரும்பும்போது காரில் மீரா அவர் மடியில் தூங்கினாள். அவளுடைய தலைமுடியில் ஒட்டியிருந்த சருகை அவர் ஈப்போ வரை எடுத்துக்கொண்டே வந்தார்.

அவர்கள் போனபிறகு, மார்ச் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அவர் வீடு பூட்டியிருந்தது. ஒன்பது மணிக்கு மேல்தான் மோட்டார் சத்தம் கேட்டது. எங்கே அண்ணே என்றேன். “சித்தியவான் பக்கம் ஒரு வேல” என்றார். அந்த வயதில் அவ்வளவு தூரம் மோட்டாரில் போகலாமா என்று திட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்த வருடம் செப்டம்பரில், பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐந்தாவது மனுவுக்கு அதுவரை பதில் வந்திருக்கவில்லை. மகள் மட்டும் வந்தாள். அவள் வந்து சேரும் வரை நாங்கள் காத்திருந்தோம்.

எனக்கு இன்னும் சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வகுப்பில் பாடம் நடத்தும்போது ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று அர்த்தம் வந்தால், இதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் என்னையே பார்ப்பார்கள். அவர் இருந்திருந்தால் எங்கே ஒன்றாகச் சேர்கிறது என்று சொல்லியிருப்பார். எனக்குத் தனித்தனியாகத்தான் சொல்லித்தரத் தெரிகிறது.

காரியமெல்லாம் முடிந்து, ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் உட்கார்ந்தாள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த மார்ச் மாதத்துச் சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னாள்.

“எங்களுக்கு அப்ப காலையில பத்து மணி இருக்கும் அக்கா. அப்பா கூப்பிட்டாரு. எடுத்தா அவரு மொகம் இல்ல, மரந்தான் தெரியுது. மேல பூரா செம்பு நெறத்துல குட்டி குட்டியா இல. மீராவ கூப்பிட்டுக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு அவ விளையாடப் போயிட்டா. நான் அப்பான்னேன். ம்-னாரு. வேற ஒண்ணும் பேசல.”

“நீ?”

“நானும் பேசல. போன சன்னல்ல சாச்சு வச்சிட்டு பாத்திரம் கழுவுனேன். அப்புறம் துணி மடிச்சேன். அங்க காத்து அடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நடுவுல ஒரு தடவ இருமுனாரு. கை வலிச்சிருக்கும், படம் ஆடுது. ஆனா எறக்கல. ஒரு மணி நேரத்துக்கு மேல அக்கா. அங்க வெளிச்சம் போற வரைக்கும் வச்சிருந்தாரு.”

தோசையைத் திருப்பினேன். “அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் தெரியல. கறுப்பா இருந்துச்சு. அவரு வைக்கல. நானும் அதையே பாத்துக்கிட்டு நின்னேன்.”